லாம்

பதினொரு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.
நடந்துகொண்டிருக்கும் நிகழ்காலம்.
மேல்லயத்து ஜெனிஷன் மட்டும்
பகலில் தூங்குவதில்லை.
அது சாதாரண நிகழ்காலம், வழக்கம்,
சூரியன் கிழக்கில் உதிப்பதைப் போல.

பிள்ளை மடுவத்துப் பால்மாக் கணக்குக் கொப்பியைத்
திருப்பிப் பிடித்தால் பின்பக்கம் என் இங்கிலீஷ்.
பயிற்சி ஒன்பது, இடைவெளி நிரப்புக:
ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஹியர்...
எவ்வளவு நாளாக என்றால் ஃபோர்,
எப்போதிருந்து என்றால் சின்ஸ்.
ஃபோர், ஆறு வருசம் என்று எழுதினேன்.
அழித்துவிட்டு
சின்ஸ், அந்தப் பெரிய மழை என்று எழுதினேன்.
இரண்டும் சரி.
இரண்டாவதில் கை கொஞ்சம் நின்றது.

ரெஜினாவும் நானும் ஞாயிறு வகுப்பில் ஒரே வாங்கு,
தலவாக்கலையில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
இப்போது அவள் கட்டுநாயக்காவில் தைக்கிறாள்.
இரவு பத்துக்கு மேல் குரலில் வாக்கியம் அனுப்புவாள்,
பாதி வாக்கியம்.
'இஃப் ஐ ஹேட் எ ஹவுஸ்...'
மீதியை நான் முடிக்க வேண்டும்.
இல்லாத ஒன்றைச் சொல்ல
இறந்தகாலம் போடும் பாஷை அது.
வீட்டுக்கு இறந்தகாலமாம், நமக்குத் தோதுதான்டி
என்று சிரித்தாள்.

செயப்பாட்டு வினை எனக்கு அவளைவிட நன்றாக வரும்.
செய்தவர் பெயர் இல்லாத வாக்கியங்களில்தானே வளர்ந்தோம்.
பேர் வெட்டப்பட்டது.
அரைப்பேர் போடப்பட்டது.
ஏழு பேர்ச்சஸ் காணி வழங்கப்படும்.
என் பத்து வயதிலும் அது எதிர்காலம்தான்.

நேற்று மடுவத்துக் கதவில் தாள் ஒட்டினார்கள்,
சிங்களத்திலும் இங்கிலீஷிலும்.
தமிழ் பிறகு வருமாம்.
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய்மார்
சாக்குப்படங்கோடு சுற்றி நின்று
என்ன போட்டிருக்கு டீச்சர் என்றார்கள்.
என் இங்கிலீஷுக்கு முதன்முதலாக ஆள் வந்தது.

'திஸ் ஸ்லோப் மே ஸ்லைட்.'
மே, பயிற்சி பன்னிரண்டு.
மைட்டைவிட ஒரு பிடி கூட,
வில்லைவிட ரொம்பக் குறைய.
இந்த மலை சரியலாம், என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
உள்ளே வரலாம், உட்காரலாம்,
பத்து மணிக்குப் பால் கொடுக்க வரலாம் என்று
தினமும் நான் அனுமதி கொடுக்கிற அதே லாம்.
மலைக்கும் கொடுத்துவிட்டேனோ.
சரியலாமா? யாரு அதுக்குச் சொன்னது சரியலாம்னு,
என்று கேட்டாள் வீரம்மா.
எல்லாரும் சிரித்தார்கள்.
பிறகு எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

அடுத்த வரி:
'ரெசிடன்ட்ஸ் ஹூ லிவ் பிலோ த ரோட் ஷுட் லீவ்.'
ஹூவுக்கு முன்னால் காற்புள்ளி இல்லை.
இல்லையென்றால்
ரோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் மட்டும்.
எங்கள் லயம் ரோட்டுக்கு மேலே.
வெடிப்பு எங்களுக்கும் மேலே,
போன மாதம் விரல் நுழைந்தது,
இப்போது கை.
ஷுட் என்றால் போவது நல்லது,
மஸ்ட் என்றால் போயே ஆக வேண்டும்.
எங்கே என்று தொடங்கும் துணைவாக்கியம்
அந்தத் தாளில் எங்கும் இல்லை.

சாயங்காலம் ஜெனிஷனின் அம்மாதான் பிந்தினாள்.
அவன் பார்த்துக்கொண்டிருக்க
பால்மாக் கணக்கின் சிவப்புப் பேனாவால்
ஹூவுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி,
ரோட்டுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டேன்.
இலக்கணப்படி இப்போது எல்லாரும்.
இலக்கணப்படி இது பொய்யும்கூட,
நாங்கள் கீழே இல்லையே.
இருக்கட்டும்.
ஷுட்டை வெட்டி மஸ்ட் ஆக்கினேன்.

பத்தேகாலுக்கு ரெஜினா, பின்னால் மெஷின் சத்தம்:
'வாட் ஆர் யூ டூயிங்?'
தகரத்தில் மழை.
பால் போத்தல்கள், தொட்டில் சேலைகள், கொப்பி,
எல்லாம் ஒரு கொழுந்துச் சாக்கில்.
'ஐ ஆம் பேக்கிங்' என்று அனுப்பினேன்.
பிறகு இன்னொன்று:
'வீ ஆர் லீவிங் டுமாரோ.'
முடிவு செய்துவிட்ட நாளையை
நிகழ்காலத்திலேயே சொல்லலாம்,
பயிற்சி நான்கு.

பிழை திருத்துவாள் என்று காத்திருந்தேன்.
எத்தனை பேர், என்று தமிழில் கேட்டாள்.